பாலம் வளைந்தால் வேக ரயில் என்ன ஆகும்? தொடக்கநிலையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்கு 350 கிலோமீட்டர். வேக ரயிலில் 90 நிமிடத்தில் வந்துவிடலாம் என்று 2016 டிசம்பர் 13ஆம் தேதி புத்ராஜெயாவில் மலேசிய, சிங்கப்பூர் அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டன. 2020 டிசம்பர் 31உடன் அந்த ஒப்பந்தம் முடிந்துபோயிற்று. மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழப்பீடாகக் கொடுத்தது. திட்டம் நிறைவேறியிருந்தால், அந்த ரயில் ஜோகூர் நீரிணையைப் பாலத்தின் மேல் கடந்து சிங்கப்பூருக்குள் நுழைந்திருக்கும்.

வேக ரயில் பாலம் என்றதும் பலரும் கேட்பது, "தாங்குமா?" என்றுதான். தாங்க வைப்பது பொறியாளர்களுக்குப் பெரிய காரியமில்லை. உடைவதற்கு வெகு முன்பே பாலம் சில மில்லிமீட்டர் வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, மெல்லப் புதைகிறது. 80 கி.மீ. வேகத்தில் யாரும் உணராத அந்த மில்லிமீட்டர்கள் 320 கி.மீ. வேகத்தில் பயணியின் வயிற்றைப் புரட்டும். தண்டவாளத்துக்குக் கீழே உள்ள ஜல்லியைக் கலைத்துவிடும். வேக ரயில் பாலத்தை எடைபோடும்போது வலிமையைவிட விறைப்பையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றியே நடக்கும்.

இதைப் படித்துச் செய்துபார்க்க உயர்நிலைப் பள்ளிக் கணக்கும், ஒரு கைப்பேசியும், பயண அட்டையும் போதும்.

படி 1: முதலில் ஒரு பாலத்தின் அடியில் போய் நில்லுங்கள்

லிட்டில் இந்தியா நிலையம் நிலத்தடியில் இருக்கிறது. பாலம் பார்க்க அங்கிருந்து டௌன்டவுன் தடத்தில் ஒரே நிலையம் தள்ளி நியூட்டனில் இறங்கி, வடக்கு-தெற்குத் தடத்துக்கு மாறுங்கள். நொவீனா, தோ பாயோ, பிராடல், பீஷான் எல்லாம் தாண்டியதும் ரயில் தூண்களின் மேல் ஏறிவிடும். அங் மோ கியோவில் இறங்கி, அவென்யூ 8 ஓரமாக நடந்து, மேலே பாருங்கள். 1987 நவம்பர் 7ஆம் தேதி இந்த நாட்டின் முதல் எம்ஆர்டி ரயில் ஓடிய இயோ சூ காங் - தோ பாயோ பகுதியின் ஒரு துண்டுதான் இது. ரயிலைச் சுமக்கும் மேம்பாலங்களில் இங்கே மூத்தது.

தூணின் தலைப்பகுதியைக் கவனியுங்கள். தூணுக்குத் தூண் நீண்டு தடத்தைச் சுமக்கும் உத்திரங்களான கர்டர்கள் இரண்டு அங்கே வந்து முடிகின்றன. நடுவே சிறு இடைவெளி. ஒவ்வொரு கர்டரும் தூணின் மேல் நேராக உட்காரவில்லை. இடையில் தட்டையான கட்டைபோல் ஒன்று தெரியும். அதுதான் தாங்கி, பேரிங் என்றே வேலையாட்கள் சொல்வார்கள். கர்டர் வெயிலில் நீளவும், சுமை வந்தால் அதன் முனை லேசாகத் திரும்பவும் இடம் கொடுப்பது இந்தத் தாங்கிதான். பாலம் அசையக்கூடாது என்று யாரும் கட்டுவதில்லை. எங்கே, எவ்வளவு அசையலாம் என்று தீர்மானித்துத்தான் கட்டுகிறார்கள்.

இப்போது ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை எட்டுவைத்து அளந்து, மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். படி 7இல் அந்த எண் வேண்டும்.

படி 2: வளைவுகளை இனம் பிரியுங்கள்

ரயில் ஏறும்போது வந்து, இறங்கியதும் போய்விடும் வளைவுகள் ஒரு வகை. கர்டரின் நடுப்பகுதி கீழே தொய்வது, தூணின் மேல் அதன் முனை திரும்புவது, இரட்டைத் தடப் பாலத்தில் ஒரு பக்கம் மட்டும் ரயில் போகும்போது பாலம் முறுக்கிக்கொள்வது எல்லாம் இதில் சேரும். ரயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருப்பவை இன்னொரு வகை: வெயிலால் வரும் வளைவு, கான்கிரீட்டின் ஊர்வு (படி 6இல் வரும்), தூண்கள் புதைவது.

வெயிலை நம் ஊர்க்காரர்கள் குறைத்து எடைபோடக்கூடாது. சிங்கப்பூரில் பருவத்துக்குப் பருவம் வெப்பம் பெரிதாக மாறாது என்பதால், கர்டர் நீண்டு சுருங்குவது பெரிய தலைவலி இல்லை. ஆனால் நண்பகலில் கர்டரின் மேல்தளம் கொதிக்கும். அடித்தளம் நிழலில் இருக்கும். 40 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கான்கிரீட் கர்டரில் மேலுக்கும் கீழுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால், நடுப்பகுதி ஏறக்குறைய 6 முதல் 7 மில்லிமீட்டர் மேலே எழும்பும். ஒரு ரயிலும் ஏறாமலே இவ்வளவு. வரிசையாக நூறு கர்டர் இருந்தால், நூறும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழும்பும். இந்த ஒழுங்குதான் ஆபத்து. ஏன் என்று அடுத்த படியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படி 3: வேகம் என்ன செய்கிறது என்று கணக்கிடுங்கள்

ஒவ்வொரு கர்டரும் 32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சீனாவின் அதிவேகத் தடங்களில் மிக அதிகமாகக் காணப்படும் நீளம் அது. ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் முனைகளைவிட 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ரயிலுக்கு இது 32 மீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அலை.

அலையின் மேல் போகும் சக்கரத்தின் மேல்கீழ் முடுக்கம், வீச்சை (2π × வேகம் ÷ அலைநீளம்) என்பதன் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். எம்ஆர்டி வேகமான 80 கி.மீ.க்கு, அதாவது வினாடிக்கு 22.2 மீட்டருக்கு, விடை சுமார் 0.095 மீ/வி². அதை யாரும் உணரமாட்டார்கள். 320 கி.மீ.க்கு, வினாடிக்கு 88.9 மீட்டருக்கு, விடை சுமார் 1.52 மீ/வி². வேகம் 4 மடங்கு. குலுக்கல் 16 மடங்கு. பாலம் அதேதான், வளைவும் அதேதான்.

இந்த 1.52 முழுவதும் பயணிக்கு வந்து சேராது. சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியிலும் பெட்டிக்கு அடியிலும் உள்ள சுருள்வில்லும் காற்றுப்பையும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆனால் சஸ்பென்ஷன் எனப்படும் இவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பயணிகள் பெட்டி தன் சஸ்பென்ஷனின் மேல் இயல்பாக ஆடும் வேகம், வினாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை. அதற்கு நெருக்கமான தாளத்தில் தடம் அலைந்தால் சஸ்பென்ஷன் அதைக் குறைக்காது, பெருக்கிவிடும்.

எந்த அலைநீளம் அந்தத் தாளத்தைத் தரும்? வினாடிக்கு ஓர் அலை என்றால், 320 கி.மீ. வேகத்தில் அலைநீளம் 89 மீட்டர். அதாவது ஒரு கர்டருக்குள் இருக்கும் வளைவைவிட, இரண்டு மூன்று கர்டர்களின் மேல் பரவிக் கிடக்கும் நீளமான ஏற்ற இறக்கமே வேக ரயிலின் பெட்டியை ஆட்டிவைக்கும். கண்ணால் பார்த்தால் தடம் நேராகத்தான் தெரியும். ஜப்பானில் சாதாரணத் தடத்தை 10 மீட்டர் நாண் (இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு) வைத்துச் சரிபார்ப்பவர்கள், ஷின்கான்சென் வேக ரயில் தடத்துக்கு 40 மீட்டர் நாண் வைத்தும் பார்ப்பது இதனால்தான். குட்டையான அளவுகோலில் இந்த அலை அகப்படாது.

படி 4: தாளம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்

இதுவரை பாலம் ரயிலை ஆட்டுவதைப் பார்த்தோம். இனி ரயில் பாலத்தை ஆட்டுவதைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் அலகுக் காவடிகளைப் பார்த்திருப்பீர்கள். தோளின் மேல் நிற்கும் அந்த அலங்காரத்துக்குத் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. எடுப்பவரின் அடி அந்த ஆட்டத்தோடு சேராதவரை காவடி அமைதியாக வரும். மேளத்துக்கு ஏற்ப அடி மாறி, இரண்டும் ஒன்றிவிட்டால் காவடி துள்ளத் தொடங்கும். பக்தர் கூடுதல் பலம் எதுவும் கொடுக்கவில்லை. அடி வைத்த நேரம்தான் காரணம்.

கர்டருக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் இருக்கிறது. இரு முனையிலும் தாங்கப்பட்ட எளிய கர்டருக்கு அதைக் கண்டுபிடிக்க ஐரோப்பிய வடிவமைப்பு விதி ஓர் அழகான குறுக்குவழியைத் தருகிறது: தன் சொந்த எடையாலும் மற்ற நிலையான சுமையாலும் கர்டர் எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 17.75ஐ வகுத்தால் போதும். 16 மில்லிமீட்டர் தொய்வு என்றால் 17.75 ÷ 4. வினாடிக்கு சுமார் 4.44 அதிர்வு.

ரயிலின் அடி எது? போகிகள். பிரான்ஸின் டிஜிவி வேக ரயிலில் அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் ஒரே போகியைப் பகிர்ந்துகொள்கின்றன. போகிக்கும் போகிக்கும் 18.7 மீட்டர். ஷின்கான்சென் பெட்டியின் நீளம் 25 மீட்டர். அதற்கொருமுறை அதே அடி திரும்ப விழுகிறது. அதிர்வெண்ணை இந்த இடைவெளியால் பெருக்கினால், இரண்டு தாளமும் ஒன்றிவிடும் (ஒத்ததிர்வு) ஆபத்தான வேகம் கிடைக்கும்.

டிஜிவிக்கு: 4.44 × 18.7 = வினாடிக்கு 83 மீட்டர். மணிக்கு 299 கி.மீ.

ஷின்கான்செனுக்கு: 4.44 × 25 = வினாடிக்கு 111 மீட்டர். மணிக்கு 400 கி.மீ.

அதே பாலம். ஒரு ரயிலுக்கு அன்றாட வேகத்திலேயே ஒத்ததிர்வு வருகிறது. இன்னொன்றுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சுமார் 23 மீட்டர் நீளமுள்ள நம் எம்ஆர்டி பெட்டிக்கு அந்த வேகம் மணிக்கு 367 கி.மீ.க்கு மேல் வரும். 80ஐத் தாண்டாத ரயில் அதைத் தொடவே தொடாது. மெட்ரோ மேம்பாலம் கட்டிய அனுபவத்தை அப்படியே அதிவேகப் பாலத்துக்கு எடுத்துப்போக முடியாமல் போவது இங்கேதான்.

அடிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் நல்ல விகிதமும் ஒன்று உண்டு. கர்டரின் நீளம் பெட்டி நீளத்தில் ஒன்றரை மடங்காக இருந்தால், ஒவ்வொரு சுமையும் கர்டரைவிட்டு இறங்கும்போது தான் கிளப்பிய அதிர்வைத் தானே அடக்கிவிட்டுப் போகிறது. 25 மீட்டர் பெட்டிக்கு அது 37.5 மீட்டர். இந்தியாவின் மும்பை - அகமதாபாத் அதிவேகத் தடத்தின் 40 மீட்டர் கர்டர் இதற்குப் பக்கத்தில் வருவதைக் கவனியுங்கள்.

ஓடும் சுமை பாலத்தை என்ன செய்யும் என்பது நேற்று வந்த கேள்வி இல்லை. 1847 மே 24ஆம் தேதி இங்கிலாந்தின் செஸ்டரில் டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்திரம் ரயில் போகும்போது முறிந்து 5 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பேராசிரியர் ராபர்ட் வில்லிஸ் சோதனைகள் செய்தார். கணித அறிஞர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1849இல் கணக்குப் போட்டார். நிற்கும் சுமையைவிட ஓடும் சுமை கூடுதலாக வளைக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஒரே இடைவெளியில் அடிமேல் அடியாக வரும் நீண்ட வேக ரயில்தான் அவர்கள் பார்க்காதது.

படி 5: முதலில் எது கெடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாரிஸ் - லியோன் இடையே 1981இல் திறந்த பிரான்ஸின் முதல் அதிவேகத் தடத்தில் சில குட்டைப் பாலங்கள் இந்த ஒத்ததிர்வில் மாட்டின. பாலம் விழவில்லை, விரிசலும் பெரிதில்லை. பாலத்தின் மேல் இருந்த ஜல்லி கலைந்தது. கற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருப்பதால்தான் தடம் தன் இடத்தில் நிற்கிறது. தளம் வேகமாக மேலும் கீழும் குதித்தால் கற்களின் பிடி விட்டுவிடும். தண்டவாளத்தின் வடிவமே மாறும்.

புவியீர்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு முடுக்கம் வரும்போது ஜல்லி நிலைகுலையத் தொடங்குவதைச் சோதனைகள் காட்டின. அதில் பாதியை, 3.5 மீ/வி²ஐ, ஐரோப்பிய விதி எல்லையாக வைத்தது. ஜல்லி இல்லாத கான்கிரீட் பலகைத் தடத்துக்கு 5 மீ/வி².

பயணிக்கு இன்னும் கடுமையான அளவுகோல்: பெட்டிக்குள் மேல்கீழ் முடுக்கம் 1 மீ/வி²க்குள் இருந்தால் மிக நன்று, 1.3 நன்று, 2 வரை பொறுத்துக்கொள்ளலாம். முறுக்கு விஷயத்தில் விதி மிகவும் கறார். 200 கி.மீ.க்கு மேல் ஓடும் தடத்தில், 3 மீட்டர் நீளத்துக்குள் ஒரு தண்டவாளம் மற்றதைவிட 1.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகி ஏறி இறங்கக்கூடாது. காரணம் எளிது. போகியின் நான்கு சக்கரங்களில் ஒன்றின் மேல் சுமை குறைந்தால், தண்டவாளத்தை விட்டு ஏறப் பார்க்கும் சக்கரம் அதுதான். கர்டர்களைப் பெட்டி வடிவத்தில் வார்ப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், மூடிய பெட்டி எளிதில் முறுக்கிக்கொள்ளாது என்பது.

இந்த எல்லைகளை, பாலம் நீளத்தில் 600இல் ஒரு பங்குவரை தொய்யலாம் என்ற பொது விதியோடு ஒப்பிடுங்கள். 40 மீட்டருக்கு அது 67 மில்லிமீட்டர். அவ்வளவு தொய்ந்தாலும் பாலம் நிற்கும். வேக ரயில் அதன் மேல் நிம்மதியாக ஓடாது.

படி 6: மெதுவாக வரும் வளைவை மறக்காதீர்கள்

முன்தகைவு கான்கிரீட் கர்டருக்குள் எஃகு வடங்களை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த இழுப்பு கர்டரை மேல்நோக்கி வளைக்கிறது. கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்துக்கு மெல்ல இணங்கிக்கொண்டே போகும். இதைத்தான் ஊர்வு என்கிறார்கள். படி 3இல் பார்த்த 10 மில்லிமீட்டர் எழுச்சி இப்படித்தான் வருகிறது. பலகைத் தடம் பதித்த பிறகு 50 மீட்டர்வரை உள்ள கர்டர் 10 மில்லிமீட்டருக்கு மேல் ஊரக்கூடாது என்பது சீன விதி. ஆகவே கர்டரை வார்த்ததும் தடம் போடுவதில்லை. ஊர்வின் பெரும்பகுதி நடந்து முடியக் காத்திருந்து, அளந்து, பிறகே பலகையைப் பதிக்கிறார்கள். அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் ஊர்வு முழுவதும் தண்டவாளத்தில் வந்து நிற்கும்.

நம்மவர்கள் இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய இடம் மும்பை - அகமதாபாத் தடம். 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள், 320 கி.மீ. வேகம், பெரும்பகுதி தூண்களின் மேல். 40 மீட்டர் கர்டர் ஒன்றின் எடை சுமார் 970 டன். துண்டு துண்டாக ஒட்டாமல் முழுசாக வார்த்து, முழுசாகவே தூக்கிவைக்கிறார்கள். அதைத் தூக்கும் 1,100 டன் திறனுள்ள பொறிகள் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி ஆலையில் உருவாகி, 2021 செப்டம்பரில் வேலைக்குப் புறப்பட்டன. முழு கர்டரைத் தரையிலேயே வார்க்கும்போது அதன் வளைவை வார்ப்பிடத்திலேயே அளந்து கண்காணிக்க முடியும். வேகமாகக் கட்டலாம் என்பதைவிட இந்தப் பயன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தூண் புதைவது இன்னொரு கதை. தைவானின் அதிவேக ரயில் 2007 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மொத்தம் 350 கிலோமீட்டர். கோலாலம்பூர் - சிங்கப்பூர் தடத்துக்கு நினைத்த அதே நீளம். அதில் யுன்லின் மாவட்டத்தின் வழியாகப் போகும் பகுதியில் நிலமே இறங்கிக்கொண்டிருந்தது. விவசாயத்துக்கும் மற்றத் தேவைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதன் விளைவு. தடத்தை ஒட்டிய ஆழ்கிணறுகளை அரசாங்கம் மூட வேண்டியதாயிற்று. எல்லாத் தூண்களும் ஒரே அளவு இறங்கினால் ரயிலுக்குக் கவலையில்லை. ஒன்று மட்டும் அதிகம் இறங்கினால், இரண்டு மூன்று கர்டர்களின் மேல் பரவும் அந்த நீண்ட அலை பிறந்துவிடும். படி 3இன் 89 மீட்டரை நினைத்துப் பாருங்கள். பலகைத் தடத்தில் அடுத்தடுத்த தூண்களுக்கு இடையே 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று சீன விதி சொல்வது அதனால்தான். காலாங் பக்கம் கிடக்கும் கடற்சேற்றுக் களிமண்ணில் கட்டியவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்துக்குப் போகும் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.ஐத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. கடலின் மேல் உயரமாகக் கட்டும் எந்தப் பாலத்திலும், காற்று பாலத்தைப் பக்கவாட்டில் வளைப்பதையும் ரயிலைத் தள்ளுவதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஜோகூர் நீரிணைக்கும் அது பொருந்தும்.

படி 7: நீங்களே அளந்து பாருங்கள்

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் இறக்குங்கள். அதில் புவியீர்ப்பு நீக்கிய முடுக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமில்லாத முற்பகல் நேரத்தில் இயோ சூ காங்கிலிருந்து காத்திப்புக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். நிலையங்களுக்கு இடையே நீண்ட தூரம் என்பதால் ரயில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடும். கைப்பேசியைப் பக்கத்து இருக்கையின் கடினமான பரப்பில் மல்லாக்க வையுங்கள். கையில் வைத்தால் உங்கள் உடம்பின் ஆட்டம்தான் பதிவாகும். யாராவது நின்றுகொண்டிருந்தால் இருக்கையை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவில் முதலில் தெரிவது இரைச்சல்தான்: மோட்டார், சக்கரம், தண்டவாளத்தின் சொரசொரப்பு. அதற்குள் புதைந்திருக்கும் மெதுவான அலையைத்தான் தேட வேண்டும். படி 1இல் அளந்த தூண் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் என்றால், 80 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 0.74 அலை வர வேண்டும். அதிர்வெண் வரைபடத்தில் அந்த இடத்தில் சிறு மேடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், ரயில் வேகம் குறையும் இடத்தில் அந்த மேடும் கீழ்ப்பக்கம் நகர வேண்டும். நகர்ந்தால் அது பாலத்தின் கையெழுத்து. வேகம் மாறியும் ஒரே இடத்தில் நிற்கும் மேடு பெட்டியின் சொந்த ஆட்டம். இந்த இரண்டையும் பிரித்தறிய முடிந்தவர், பாலத்தையும் ரயிலையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் பொறியாளரின் வேலையில் பாதியைப் புரிந்துகொண்டவர்.

மேடு எதுவும் தெரியாவிட்டாலும் ஏமாற வேண்டாம். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குத் தடங்களில் தண்டவாளத்தின் அடியில் இருந்த 188,000 மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, கான்கிரீட் கட்டைகள் போட்டு முடித்தது 2016 டிசம்பரில். தடம் சீராக இருந்தால் அலை சிறிதாகத்தான் இருக்கும். சில பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும்.

ஒரு வேண்டுகோள்: தடத்துக்குள் இறங்குவது, தூணில் ஏறுவது, பாலத்தருகே டிரோன் விடுவது எதுவும் வேண்டாம். பொதுவழியும் பயணிகள் பெட்டியும் போதும்.

படி 8: அடுத்த திட்டம் வரும்போது கேட்க வேண்டியவை

மலேசியா 2023இல் கோலாலம்பூர் - சிங்கப்பூர் வேக ரயில் திட்டத்துக்குத் தனியாரின் யோசனைகளைக் கேட்டது. பேச்சு மறுபடி எழும்போது கட்டணமும் நிலையங்களும்தான் செய்தியில் வரும். நீங்கள் வேறு சிலவற்றைத் தேடிப் பாருங்கள். ரயில் எந்த வகை, அதன் போகி இடைவெளி எவ்வளவு, கர்டரின் நீளம் அதற்குப் பொருந்துகிறதா? ஜல்லித் தடமா, பலகைத் தடமா? கர்டரை வார்த்ததற்கும் பலகை பதிப்பதற்கும் இடையே எவ்வளவு காலம் ஒதுக்கியிருக்கிறார்கள்? நீரிணையின் சேற்றில் நிற்கும் தூண்கள் இறங்குவதை எத்தனை ஆண்டுக்கு அளப்பார்கள், இறங்கினால் தாங்கியை உயர்த்திச் சரிசெய்ய வசதி வைத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு அந்த வசதியைச் சேர்ப்பது மிகவும் கடினம்.